‘ஸ்பிரிட்டட் அவே’ பிடித்தவர்கள் ஜப்பான் செல்ல: மிடாகா, கொகனெய், நாககுதே பயண வழிகாட்டி

‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, அந்த உலகத்தின் ஓரத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஜப்பானுக்குப் புறப்பட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுழைவுச்சீட்டு, விசா, வார விடுமுறைகள், ஊர்களுக்கு இடையிலான தூரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், ஒன்றை முறைமாற்றிச் செய்தால் மற்ற மூன்றும் குலைந்துவிடுகின்றன. எதை எப்போது செய்வது என்று எனக்குப் பிடிபடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து சென்னையிலிருந்து கிளம்பும் ஒருவரை மனத்தில் வைத்தே விவரங்களைத் தந்திருக்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறுபவை ஆதலால், பணம் கட்டும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. படத்தை மறுபடி பாருங்கள்; எது உங்களை இழுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

பயணத் திட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் எந்த ஊருக்குப் போவது, எதைத் தவிர்ப்பது என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது.

பத்து வயதுச் சிஹிரோ வாளெடுத்து யாரையும் வெல்வதில்லை. பெற்றோர் பன்றிகளாகிவிட்ட பிறகு, தெய்வங்கள் களைப்பாற வந்து குளிக்கும் பெரியதொரு குளியலகத்தில் போய் வேலை கேட்டு நிற்கிறாள். முதலாளியான சூனியக்காரி யுபாபா மிரட்டினாலும் அதட்டினாலும் அந்த ஒரு கோரிக்கையையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் பெயரை இழக்கிறாள். அழுக்கேறிய பெருந்தொட்டியைத் தேய்க்கிறாள். நாற்றமெடுத்த விருந்தாளி ஒருவரின் உடலில் குத்திக்கொண்டிருந்த பழைய சைக்கிளைப் பிடித்திழுக்கப்போய், அவர் மாசடைந்த ஓர் ஆற்றின் தெய்வம் என்று கண்டுகொள்கிறாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. தொடக்கத்தில் செங்குத்தான வெளிப்படிகளில் உட்கார்ந்து நகர்ந்து இறங்கியவள், பிற்பாதியில் சுவரோரக் குழாயின் மேல் தயங்காமல் ஓடுகிறாள்; அந்த ஓட்டத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. வயதுவந்தவர்களும் இந்தப் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு, மந்திர தந்திரங்களைக் காட்டிலும், வேலை செய்து தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் இந்தச் சிறுமிதான் காரணம் என்பது என் எண்ணம்.

மறுபடி பார்க்கும்போது மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆறு கைகளோடு கமாஜி வேலை செய்யும் கொதிகலன் அறையும் அதன் சுவர் நிறைந்த மூலிகை இழுப்பறைகளும். இரண்டு, குளியலகக் கட்டடம். மூன்று, கமாஜி நாற்பது ஆண்டுகளாக வைத்திருந்த சீட்டுகளைக் கொண்டு, முகமூடியணிந்த காவோனாஷியை அருகில் உட்காரவைத்துச் சிஹிரோ செல்லும் நீர்மேல் ரயில். இவற்றுக்கு உரிய ஊர்களின் விவரம் அடுத்த பகுதியில் வருகிறது: முதலாவது உங்களை இழுத்தால் கொகனெய். இரண்டாவது என்றால் ஒரு பொதுக் குளியலகமோ மட்சுயாமா நகரமோ. மூன்றாவது என்றால் நாககுதே. இவற்றையெல்லாம் விட, இத்தகைய படங்கள் எப்படி உருவாகின்றன என்பதுதான் உங்கள் ஆவல் என்றால் மிடாகா.

ஒரு சிறு எச்சரிக்கை: இந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோ ஜிப்லியின் படங்கள் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் வந்திருந்தாலும், ஜப்பானில் ‘ஸ்பிரிட்டட் அவே’ அதில் கிடைப்பதில்லை. அங்கே போய் இரவில் விடுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.

2. போக வேண்டிய இடங்கள், போகத் தேவையில்லாத இடங்கள்

மிடாகாவில் உள்ள ஜிப்லி அருங்காட்சியகம் தோக்கியோவின் மேற்குப் பகுதியில், இனோகாஷிரா பூங்காவை ஒட்டி இருக்கிறது. படத்தின் இயக்குநர் ஹயாவோ மியாசாகியே திட்டமிட்டு உருவாக்கிய இடம் இது. இங்கே சிஹிரோவின் குளியலகம் கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஓவியங்கள் ஒட்டிய சுவர்களும் புத்தகங்கள் குவிந்த மேசைகளுமாக, ஒரு படம் பிறக்கும் அறைகளைத்தான் காண்பீர்கள். கூடவே, வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத குறும்படம் ஒன்றையும் காட்டுவார்கள்.

கொகனெய் நகரப் பூங்காவுக்குள் இருக்கும் எதோ-தோக்கியோ திறந்தவெளிக் கட்டடக்கலை அருங்காட்சியகம் பலருக்குத் தெரியாத இடம். பழைய வீடுகளையும் கடைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மியாசாகி அடிக்கடி வந்துபோன இந்த இடத்தில் உள்ள தகெய் சான்ஷோதோ என்ற எழுதுபொருள் கடையின் சுவர் முழுக்க இருக்கும் சின்னஞ்சிறு இழுப்பறைகள்தாம் கமாஜியின் அறைக்கு உந்துதல். அதே தெருவின் கோடியில், 1929இல் கட்டப்பட்ட கொதகாரா-யு என்ற பொதுக் குளியலகம், கோயிலைப் போன்ற முகப்போடு நிற்கிறது. படத்துக்கு மிக நெருக்கமான இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்; செலவும் இங்கேதான் குறைவு.

நாககுதேயில், 2005 உலகக் கண்காட்சி நடந்த வளாகத்தில், ஜிப்லி பூங்கா 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. நாகோயாவிலிருந்து போகவேண்டும். காவோனாஷிக்குப் பக்கத்தில் ரயில் இருக்கையில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் இடம் இங்கேதான் இருக்கிறது.

மட்சுயாமாவில் உள்ள தோகோ வெந்நீர் ஊற்றின் 1894ஆம் ஆண்டுக் கட்டடத்தையும் படத்தின் குளியலகத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். பல ஆண்டுகள் நீடித்த சீரமைப்பு முடிந்து 2024 ஜூலையில் முழுவதுமாகத் திறந்துவிட்டார்கள். ஆனால் அது ஷிகோகு தீவில் இருக்கிறது. ஓரிரவு தங்குவதற்கு நேரம் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைவானின் ஜியூஃபென் ஊர்தான் படத்தின் மூலம் என்று பயண விளம்பரங்கள் அடித்துச் சொல்கின்றன. மியாசாகி அதை மறுத்திருக்கிறார். ஊர் அழகானதுதான், ஆனால் இந்தப் படத்துக்காக அங்கே ஒரு விமானச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை. அதேபோல, கொகனெய் நகரில் இருக்கும் ஸ்டூடியோ ஜிப்லியின் அலுவலகத்தைத் தேடிப் போய் வாசலில் நிற்பதாலும் பயனில்லை. அது மக்கள் வேலை செய்யும் இடம். பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.

3. நாட்காட்டியைப் பின்னிருந்து முன்னோக்கிப் போடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். மலிவாகக் கிடைக்கிறது என்று விமானச்சீட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அருங்காட்சியகச் சீட்டைத் தேடுகிறார்கள். மிடாகாவில் வாசலில் சீட்டு விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதத்துக்குமான சீட்டுகள் அதற்கு முந்தைய மாதம் 10ஆம் தேதி காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். ஜிப்லி பூங்காவுக்கோ இரண்டு மாதங்கள் முன்பாக, 10ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்கு விற்பனை தொடங்கும். இரண்டுமே ஜப்பான் நேரம். நமக்கு முறையே காலை 6.30, காலை 10.30.

ஆகவே பயணத்தை மாதத்தின் பிற்பாதியில் வைப்பது நல்லது. அக்டோபர் 3ஆம் தேதி தோக்கியோவில் இருக்க நினைப்பவருக்கு, செப்டம்பர் 10ஆம் தேதி மிடாகா சீட்டு கிடைத்தபின் மற்ற ஏற்பாடுகளுக்கு மூன்று வாரம் மட்டுமே மிஞ்சும். அக்டோபர் 22 என்றால் ஆறு வாரம் கிடைக்கும். அக்டோபர் பிற்பாதியில் செல்பவர் இந்த வரிசையில் போகலாம்: ஆகஸ்ட் 10 அன்று பூங்காச் சீட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் விசா விண்ணப்பம், செப்டம்பர் 10 அன்று மிடாகா சீட்டு, விசாவும் மிடாகா சீட்டும் கைக்கு வந்தபின் விமானச்சீட்டு. தங்கும் விடுதியை மட்டும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில் முன்னதாகவே பதிவு செய்துவிடலாம்.

வார விடுமுறைகளையும் பாருங்கள். மிடாகா அருங்காட்சியகமும் ஜிப்லி பூங்காவும் பொதுவாகச் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். கொகனெய் திங்கட்கிழமை மூடியிருக்கும், திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் மறுநாள். மிடாகாவில் பராமரிப்புக்காகத் தொடர்ந்து பல நாட்கள் மூடும் காலங்களும் உண்டு. புதன் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொண்டால் எந்தச் சிக்கலிலும் மாட்டமாட்டீர்கள். ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் வரும் தொடர் விடுமுறையில் போகவே வேண்டாம்.

4. மிடாகா சீட்டு: காலை 6.30க்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

வெளிநாட்டினருக்கான விற்பனை லாசன் டிக்கெட் இணையதளத்தின் ஆங்கிலப் பக்கத்தில் நடக்கிறது. கட்டணம் மிகக் குறைவு: பெரியவர்களுக்கு 1,000 யென், அதாவது சுமார் 600 ரூபாய், 13 முதல் 18 வயது வரை 700 யென், 7 முதல் 12 வரை 400, 4 முதல் 6 வரை 100, அதற்கும் கீழ் இலவசம். விலை குறைவாகவும் இடம் சொற்பமாகவும் இருப்பதால் போட்டி கடுமையாக இருக்கும். விற்பனை தொடங்கும் நேரத்தில் உங்களை ஒரு காத்திருப்பு வரிசையில் நிறுத்துவார்கள். அப்போது பக்கத்தைப் புதுப்பிக்காமல் பொறுமையாக இருப்பதுதான் செய்யவேண்டியது.

விற்பனைக்கு முந்தைய நாளே மூன்று காரியங்களை முடித்துவையுங்கள்.

முதலாவது, வங்கி அட்டை. இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, வரம்பையும் உயர்த்திவிடுங்கள். ஓடிபி வரும் கைபேசி எண் கையில் இருக்கவேண்டும். வரிசையில் இவ்வளவு நேரம் நின்று, கடைசிக் கட்டத்தில் அட்டை மறுக்கப்பட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். அந்நியச் செலாவணிக் கட்டணமாகச் சில அட்டைகள் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். ஆயிரம் யென்னுக்கு அது பொருட்டல்ல, ஆனால் பூங்காச் சீட்டையும் விடுதியையும் அதே அட்டையில் வாங்கினால் கணக்கில் தெரியும்.

இரண்டாவது, பெயர். நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இது. தமிழர் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்குத் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயர் அங்கே போயிருக்கும். இணையப் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கெழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். குடும்பப்பெயர் இல்லாதவர் தம் பெயரையே இரு கட்டங்களிலும் எழுதலாம். தலைப்பெழுத்தை மட்டும் தனியாக இடுவதையும், வீட்டில் அழைக்கும் பெயரையோ சுருக்கப் பெயரையோ எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். வாசலில் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரிடும். பாஸ்போர்ட்டின் நகல் போதாது. அசலையே எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, மாற்று நாட்கள். ஒரு தேதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மூன்று தேதிகளையும், ஒவ்வொன்றிலும் இரண்டு நுழைவு நேரங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளும் காலை நேரங்களும் முதலில் தீரும். சீட்டில் குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தபின் எவ்வளவு நேரமும் இருக்கலாம். அதனால் மாலை நான்கு மணிச் சீட்டை வாங்குவதற்குப் பதிலாக வேறொரு நாளின் நண்பகல் சீட்டை வாங்குவது மேல்.

சீட்டு கிடைக்காதவர்களைக் குறிவைத்துப் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்பவர்கள் இருக்கிறார்கள். வேறொருவர் பெயரில் உள்ள சீட்டு வாசலில் செல்லாது போகலாம். வாங்கிய சீட்டை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மிடாகாவை விட்டுவிட்டுக் கொகனெயில் அரைநாள் செலவிடுங்கள். சிஹிரோவுக்காகவே போகிறவர் அதனால் பெரிதாக எதையும் இழக்கமாட்டார்.

5. விசா

இந்தியாவில் ஜப்பான் சுற்றுலா விசாவுக்கான விண்ணப்பத்தை விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையங்கள் பெற்றுக்கொள்கின்றன. பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், புகைப்படம், விமானப் பயண விவரம், விடுதி முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, பணிபுரிபவராயின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். புகைப்பட அளவும் எத்தனை மாத வங்கி அறிக்கை வேண்டும் என்பதும் மாறுவதுண்டு என்பதால் மையத்தின் சரிபார்ப்புப் பட்டியலை விண்ணப்பிக்கும் வாரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

நாள்வாரித் திட்டத்தை அலட்சியமாக எழுதாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதி, என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பது விடுதி முன்பதிவோடு பொருந்தவேண்டும். “தோக்கியோ, சுற்றிப்பார்த்தல்” என்று ஐந்து நாளுக்கும் ஒரே வரியை எழுதுவதைவிட, “22 அக்டோபர்: மிடாகா ஜிப்லி அருங்காட்சியகம், கொகனெய் பூங்கா” என்று எழுதுவது நம்பிக்கையூட்டும். விசா கிடைக்கும் முன்னரே பணம் திரும்பாத விமானச்சீட்டை வாங்க வேண்டியதில்லை. பயண விவரம் போதும்.

ஒருமுறை நுழைவு விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஆகவே மிக முன்னதாகவும் விண்ணப்பிக்கக் கூடாது. சாதாரணமாக ஒரு வேலை வாரத்தில் முடிவு வந்துவிடும் என்றாலும், செர்ரி பூக்கும் பருவத்தில் நீளும். மூன்று வாரம் ஒதுக்கிவைப்பதே பாதுகாப்பு.

2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு மின்விசா முறை வந்திருக்கிறது. விசா உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டப்படாமல் மின்வடிவில் வந்தால், விமான நிலையத்தில் அதை இணைய இணைப்போடு கைபேசித் திரையில் நேரடியாகத் திறந்து காட்டவேண்டும். திரைப்பிடிப்பு, பிடிஎஃப், அச்சுத்தாள் எதுவும் ஏற்கப்படாது. சென்னை விமான நிலையத்தின் இலவச வைஃபையை நம்பி நிற்காமல், கைபேசித் தரவு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நாககுதே: சேர்ப்பதா, விடுவதா?

தோக்கியோவிலிருந்து நாகோயாவுக்கு நொசோமி அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம். ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 11,000 யென். அங்கிருந்து ஹிகாஷியாமா சுரங்க ரயிலில் ஃபுஜிகாவோகா வரை சென்று, லினிமோ ரயிலுக்கு மாறினால் பூங்கா வாசல். இந்த ஒரு பயணத்துக்காக ஏழுநாள் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. போக வர 22,000 யென்தான் ஆகும்.

வளாகத்துக்குள் நடப்பதற்குக் கட்டணமில்லை, ஜிப்லி பகுதிகளுக்குள் நுழையத்தான் சீட்டு வேண்டும். சீட்டுகளில் பல வகை உண்டு. வகைக்கும் நாளுக்கும் ஏற்ப ஏறத்தாழ 3,500 முதல் 8,000 யென் வரை ஆகும். மலிவான சீட்டில் சில கட்டடங்களை வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடியும். நீங்கள் வருவது காவோனாஷியின் ரயிலுக்காக என்றால், ‘பெருங்கிடங்கு’ என்று அழைக்கப்படும் பகுதிக்குள் உங்கள் சீட்டு அனுமதிக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கே நேரம் குறித்த நுழைவு. கிடைப்பதில் முதல் நேரத்தை எடுத்து, உள்ளே போனதும் வேறெதையும் பார்க்காமல் நேராக அந்த இருக்கைக்குப் போங்கள். பிற்பகலில் வரிசை பொறுமையைச் சோதிக்கும்.

7. மிடாகாவும் கொகனெயும் ஒரே நாளில்

இரண்டும் ஜேஆர் சூவோ ரயில்பாதையில் இருக்கின்றன. ஷிஞ்சுகுவிலிருந்து மிடாகாவுக்குச் சுமார் இருபது நிமிடம். மிடாகாவிலிருந்து மூன்றாவது நிலையம் முசாஷி-கொகனெய். காலையில் கொகனெய், பிற்பகலில் மிடாகா என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஏனெனில் கொகனெய் 9.30 மணிக்கே திறந்துவிடுகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாலை 4.30க்கே மூடிவிடும். பெரியவர்களுக்குக் கட்டணம் 400 யென். முசாஷி-கொகனெய் நிலையத்தின் வடக்கு வாசலில் பேருந்து ஏறி, பூங்காவின் மேற்கு வாசலில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும்.

மிடாகா நிலையத்தின் தெற்கு வாசலிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பேருந்து உண்டு. ஆனால் தமகாவா கால்வாயோரமாக மர நிழலில் பதினைந்து நிமிடம் நடப்பதை நான் பரிந்துரைப்பேன். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள். கட்டடத்துக்கு வெளியே, மாடித் தோட்டத்தில் நிற்கும் பெரிய ரோபோ உட்பட, படமெடுக்கலாம். குறும்படத்துக்கு ஆங்கில எழுத்துவரி கிடையாது. ஆனாலும் கதை புரிந்துவிடும். குழந்தைகள் ஏறி விளையாடும் பூனைப் பேருந்து தொடக்கப்பள்ளி வயது வரையிலானவர்களுக்கு மட்டும் என்பதைப் பிள்ளைகளோடு வருபவர்கள் வாசலிலேயே சொல்லிவைப்பது நல்லது, குறிப்பாக மூத்த பிள்ளையிடம்.

சைவ உணவினர் மதிய உணவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி மட்டுமே தெரியும் சூப்பிலும் நூடுல்ஸிலும் மீன்சாறு கலந்திருப்பது வழக்கம். படத்தில் சிஹிரோவுக்குத் துணைநிற்கும் சிறுவன் ஹாகு தரும் சோற்றுருண்டையைக் கடித்ததும் சிஹிரோ பெரிய பெரிய கண்ணீர்த்துளிகளாக அழும் காட்சி நினைவிருக்கும். அதே ஒனிகிரி எல்லா இருபத்துநான்கு மணிநேரக் கடைகளிலும் கிடைக்கும். உப்பில் ஊறிய உமெபோஷிப் பழம் வைத்ததைத் தேர்ந்தால் ஊறுகாய்ச் சாதம் தின்று வளர்ந்தவருக்குச் சிரமமிருக்காது. வாங்கும் முன் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

8. குளியலகம்

கொகனெயில் இருப்பது பார்வைக்கு மட்டுமே, தண்ணீர் இல்லை. உண்மையில் குளிக்க விரும்புவோர் தோக்கியோவின் ஏதாவதொரு ‘சென்தோ’ பொதுக் குளியலகத்துக்குச் செல்லலாம். கட்டணம் 550 யென் அளவில் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி; வாசல் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. உள்ளே ஆடையின்றித்தான் குளிக்கவேண்டும், நீச்சலுடைக்கும் அனுமதியில்லை. இது நம்மில் பலருக்குத் தயக்கம் தரும். தயக்கம் தீராவிட்டால் போகாமலிருப்பதில் தவறொன்றுமில்லை. போகிறவர்கள் முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்கவேண்டும். துண்டும் தலைமுடியும் தொட்டி நீரில் படக்கூடாது.

9. மொத்தச் செலவு

விமானம், விசா, விடுதி, அன்றாட உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து நீங்கலாக, இந்தப் படத்துக்காக மட்டும் நீங்கள் செலவிடுவது இவ்வளவுதான்: மிடாகா 1,000 யென், கொகனெய் 400, குளியலகம் 550, பூங்கா அதிகபட்சம் சுமார் 8,000, நாகோயா அதிவேக ரயில் போக வர 22,000. ஏறத்தாழ 32,000 யென், நம் பணத்தில் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். நாகோயாவை விட்டுவிட்டால் அதுவே 2,000 யென்னுக்குள், அதாவது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள், அடங்கிவிடும். கையிருப்பு குறைவாக இருந்தால் முதலில் மட்சுயாமாவையும் அடுத்ததாக நாகோயாவையும் வெட்டுங்கள். உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்கா அட்டை போதும். அது 28 நாட்கள் செல்லும், மிச்சப் பணம் திரும்ப வராது என்பதால் சிறுகச் சிறுக நிரப்புங்கள். சிறிய குளியலகங்களில் வங்கி அட்டை எடுபடாமல் போகலாம். அதற்கென ஓராயிரம் யென்னைச் சில்லறையாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.